இடது பக்கத்து சீட்டு

குஷன் கடை பாய், சீட்டின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கை வெட்டினார். அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு லைட்டரைக் காட்டினார். ரெக்ஸின் என்றால் சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக உருண்டு நிற்கும். இது உருகவில்லை. நுனி சிவந்து புகைந்தது. முடி கருகினால் வருமே, அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது.

"தம்பி, இது தோலு" என்றார் பாய்.

"இல்ல பாய். ரெக்ஸின்தான். கார்க்காரரே சொல்லியிருக்கார்."

"அவர் சொன்னாரு சரி. மாடு ஒத்துக்கணுமே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை, காலை பதினொரு மணி. பாலக்கரையில் எட்டடி அகலக் குஷன் கடை. மேலே ஆட்டோ சீட்டுகளும் பைக் சீட்டுகளும் கொக்கியில் தொங்க, நடுவில் பலகைமேல் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இடது பக்கத்து சீட்டு பிரித்துப் போட்ட கோழி மாதிரி கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சார்.

"என்னடாப்பா, ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு சார். பிரிச்சுட்டிருக்கோம்."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ? அந்தத் துணியைத் தூக்கி எறிஞ்சுடாதே."

"இல்ல சார். பத்திரமா வெச்சிருக்கேன்."

போனை வைத்தேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கார் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியரிங் முடித்தவன். புத்தூரில் எங்கள் வீட்டு மாடியறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு, போல்ட், கிரீஸ் எல்லாம் எனக்கு அவர் வழியாக வந்தவை. வேலை முடிந்த பிறகு பழைய கார்களைப் பிரித்து மாட்டும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவேன். கையில் ஒரு பழைய கார் கூட இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு ஷெட்டில் தார்ப்பாயை எலி கடித்த ஓட்டை வழியாகப் பச்சை நிற மட்கார்டு ஒன்றைப் பார்த்தேன். அந்த வளைவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே சீட்டு, மடக்கும் கூரை, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. அடுத்த எட்டு மாதம் அந்த வீட்டுக்காரரை நான் விடவே இல்லை.

அவரைத்தான் சார் என்று சொல்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. கார் அவருடைய அப்பா வாங்கியது, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடமிருந்து. இன்ஜினை ஒரு மெக்கானிக் சரிசெய்துவிட்டார். உள்ளேதான் நாசம். கார்பெட் மக்கி, கதவின் உட்பக்க அட்டைகள் ஈரத்தில் ஊதி, கூரைத் துணி அப்பளமாகியிருந்தது. உள்வேலை முழுக்க என் பொறுப்பு என்று சார் சொன்ன நாள், மாம்பழச் சாலையில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்குப் போன் செய்து கத்தினேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. அது அந்த இடது சீட்டைப் பற்றியது.

சாரின் பூர்வீக வீடு கும்பகோணத்தில். அங்கே பரம்பரையாகப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் ஒன்று உண்டு. சார் அதை ஒருநாளும் 'அது' என்று சொல்லமாட்டார். பெருமாள்தான். சாரின் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை பெருமாளைப் பெட்டியோடு இந்தக் காரில் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்து பத்து நாள் வைத்திருப்பாராம். 'ஏளப்பண்ணிண்டு வரது' என்பார்கள் அவர்கள் வீட்டில். அப்பா ஓட்டுவார். இடது சீட்டில் பட்டு சுற்றிய பெட்டி மட்டும். மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ரயிலில் வரவேண்டும். அந்த சீட்டில் மனுஷர் யாரும் உட்கார்ந்ததே இல்லை. சார் சின்னப் பையனாக இருந்தபோது கதவுக்கு வெளியே முட்டிபோட்டு, சீட்டின் நடுவில் ஓடும் தையல் வரிகளை விரலால் தொடாமல் எண்ணுவாராம்.

இப்போது அந்த வீட்டில் இருக்கும் சாரின் அண்ணா, தன் மகள் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறார். பெருமாள் இனி நிரந்தரமாக ஸ்ரீரங்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை, அதே காரில், அதே சீட்டில்.

"வலது சீட்டு ஏற்கெனவே முப்பது வருஷம் முன்னாடி மாத்தினதுதான். அதை என்ன வேணா பண்ணிக்கோ" என்று சார் சொல்லியிருந்தார். "இடதைத் தொடாதே. துடைச்சு வெச்சாப் போறும்."

தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னால் முடியாது. நான் சீட்டின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் பட்டைகள் அறுந்து, ஃபோம் மாவாகக் கொட்டியது. "சார், பெட்டிய வெச்சா ஒரு பக்கம் சாஞ்சுடும். மேல் துணியும் வெடிச்சுடுச்சு. மாத்திடலாம் சார், ரெண்டே நாள்" என்று மூன்று நாள் நச்சரித்தேன். கடைசியில் சரி என்றார். அப்போதுதான் கேட்டார், தயங்கித் தயங்கி: "அந்தப் பழைய துணியில, நடுவுல, ஒரு முழம் கத்தரிச்சுக் குடுத்துடு. பெருமாளோட ஆசனமாச்சே. பூஜை உள்ளுல பெட்டிக்கு அடியில போடலாம்னு இருக்கேன்."

அந்த ஒரு முழம்தான் இப்போது பாய் கையில் புகைந்துகொண்டிருந்தது. மாட்டுத் தோல்.

அன்று மத்தியானம் வேலை எதுவும் ஓடவில்லை. இந்த மாடலைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டுக் கேட்டேன். பதில் உடனே வந்தது. அந்தக் காலத்தில் உடம்பு படும் முகப்புக்கு மட்டும் தோல். பக்கமும் முதுகும் அதே நிறத்தில், அதே புள்ளி போட்ட ரெக்ஸின். சிக்கனத்துக்காக அப்படி. எங்கேயோ இருந்த ஒருத்தர் கீழே எழுதியிருந்தார்: ஒரிஜினல் தோல் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது, கொடுத்துவைத்தவன் நீ. வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் அப்போதும் உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. அதற்காகவும் வெட்கமாக இருந்தது.

பாய்க்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். மெஷினைவிட வேகமாக அவர் வாய் ஓடும். வியாழக்கிழமை புது ரெக்ஸினுக்கு அளவு வரைந்துகொண்டே பேசினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். கோயில்ல தவில் அடிக்கிறாங்களே தம்பி, அது என்ன ரெக்ஸினா?"

"அத அவர்கிட்ட கேட்டா என்னை வீதியில நிக்க வெச்சுடுவாரு."

"அப்ப சொல்லாதீங்க. புதுசு ரெக்ஸின்தானே போடறோம்? ஞாயித்துக்கெழம ஜம்முனு போகட்டும். நடந்தது நடந்துபோச்சு."

"அந்த ஒரு முழம் கேக்கறாரே பாய். பூஜை ரூம்ல, சாமிக்கு அடியில வைக்கப்போறாரு."

பாயின் கை நின்றது. தலையைச் சொறிந்தார். "அது மட்டும் கூடாது தம்பி. அவங்க வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. தெரிஞ்சே நம்ம குடுத்தா பாவம்." பிறகு பலகைக்கடியிலிருந்து சீட்டின் பக்கவாட்டுத் துண்டை உருவி எடுத்தார். "இத குடுத்துடுங்க. இதுவும் அந்த சீட்டுதான். ஆனா சுத்தமான ரெக்ஸின். அவருக்கும் சந்தோசம், நமக்கும் சங்கடம் இல்ல."

யாருக்கும் தீங்கில்லாத பொய் என்று தோன்றியது. தோல் பூஜையறைக்குள் போகாது. அவருக்கு விஷயமும் தெரியாது. முகப்புத் தோலை மட்டும் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். பக்கவாட்டுத் துண்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஒரு முழம் அளந்து வெட்டி, வெள்ளைத்துணியில் சுற்றினேன். முட்டாள் வேலையை இவ்வளவு நேர்த்தியாக நான் வேறெப்போதும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங்கம். ஷெட்டில் கதவு அட்டைகளை மாட்டிவிட்டு, கார்பெட்டுக்குப் பசை தடவி, அது காயும் இடைவெளியில் வீட்டு வாசலுக்குப் போய்ப் பொட்டலத்தை நீட்டினேன். சார் அப்போதுதான் குளித்து, ஈர வேஷ்டியோடு நின்றிருந்தார். இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர், துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வரி எங்கே?"

"சார்?"

"நடுவுல வரி இருக்குமே. பதினோரு வரி. இது மொழுக்குன்னு இருக்கு."

"நடுவுல ரொம்பக் கிழிஞ்சுபோச்சு சார். பிரிக்கும்போதே கையோட வந்துடுச்சு."

"திங்கட்கிழமை நான்தானே துடைச்சு அனுப்பினேன். வெடிப்பு இருந்தது. கிழியலையே."

உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம். அது நின்றது. சார் வீட்டு மாமி வாசலுக்கு வந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னன்னா ஆச்சு?"

"இவனைக் கேளு."

சொல்லிவிட்டேன். லைட்டர், வாசனை, முகப்பு மட்டும் தோல், பாய் சொன்னது, நான் வெட்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். தவில் விஷயம் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கடைசியில், "இது ரெக்ஸின்தான் சார், உங்க கையில இருக்கறது தோல் இல்ல, பயப்படாதீங்க" என்றேன்.

"அதை நான் எப்படி நம்பறது?" என்றார் சார். குரல் ஏறவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "கிழிஞ்சுபோச்சுன்னும் நீதான் சொன்னே. இப்போ அரை நிமிஷம் ஆச்சா?"

பொட்டலத்தை வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். வாளியிலிருந்து தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மாமி என்னைப் பார்த்து, "உனக்கு ஏண்டா இந்த வேலை? தொடாதேன்னார். தொட்டே. சரி, தொட்டாச்சு. நேரா வந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்றார்.

சார் திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஆட்டவில்லை.

"அப்பா இந்தக் காரை வாங்கறச்சே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம், சீட்டு தோலான்னு. இல்லை, இமிடேஷன்தான்னான் வெள்ளைக்காரன். அப்பா அதோட விடலை. தையலைப் பிரிச்சு, உள்பக்கம் துணி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வாங்கினேன்னு நூறு தடவை எங்ககிட்ட சொல்லியிருக்கார். ரெக்ஸின்னா பின்னாடி துணி இருக்கும். அப்பாவுக்கு அது தெரியும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்போ நீ தோல்ங்கறே. அப்படின்னா அப்பா பிரிச்சுப் பார்க்கவே இல்லை. பார்த்தேன்னு பொய் சொன்னார். இல்லைன்னா, பார்த்தார். தோல்னு தெரிஞ்சும் பெருமாளை அதுல உக்கார வெச்சார். இல்லைன்னா நீ சொல்றது பொய். நான் எதை எடுத்துக்கறது?"

மூன்றில் அவருக்கு ஆறுதல் தரக்கூடியது நான் பொய்யன் என்பதுதான். அதற்கான சான்றும் படிக்கு வெளியே கிடந்தது.

"அவர் பாத்த இடம் வேறயா இருக்கும் சார்" என்றேன். "பக்கமும் முதுகும் ரெக்ஸின்தானே. அங்க பிரிச்சுப் பாத்திருந்தா துணிதான் தெரியும்."

"இருக்கும். இருக்கலாம். நீங்க போயிட்டு வாங்கோ."

என்னை அவர் 'வாங்கோ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

காவிரிப் பாலத்தில் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவர் அப்பா பிரித்திருந்தால், பிரித்த இடத்தை மறுபடி தைத்திருக்கவேண்டும். மெஷின் தையலுக்கு நடுவே கைத்தையல். அது இன்னும் அங்கே இருக்கும். பக்கவாட்டுத் துண்டில் இல்லை, அதை நான்தான் இஞ்ச் இஞ்சாகத் துடைத்தேன். அப்படியென்றால் முதுகுத் துண்டில்.

"பாய், முதுகுப் பீஸ் எங்க?"

"எந்த முதுகு?"

"சீட்டோட பின்பக்கம்! ரெக்ஸின்!"

பாய் வாயில் இருந்த நூலைத் துப்பினார். "அத வெச்சு அளவு வரைஞ்சாச்சே தம்பி. இனிமே எதுக்குன்னு கழிவுச் சாக்குல போட்டேன்."

"சாக்கு?"

"முனையில வெச்சிருக்கேன். வண்டி வந்து எடுத்துட்டுப் போவும்."

ஓடினேன். முனையில் சாக்கு இல்லை. அங்கே தள்ளுவண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர், பழைய சாமான் பொறுக்கும் அம்மா ஒருத்தர் இப்போதுதான் எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட் பக்கம் போனார் என்றார். நானும், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பாயும், வெயிலில், லோடு ஆட்டோக்களுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே அந்த அம்மாவைத் தேடினோம். "ஒதுங்கு, ஒதுங்கு" என்று முதுகில் மூட்டையோடு ஒருவர் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். பாய்தான் முதலில் பார்த்தார். மார்க்கெட் சுவரோரம், சாக்குகளைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

"அக்கா, இந்த ரெக்ஸின் சாக்க ஒரு நிமிசம் தாங்க."

"எடுத்தது எடுத்ததுதான். கடைக்காரரு தூக்கிப் போட்டுட்டுப் பின்னாடியே வர்றீரு?"

"ஒரே ஒரு துண்டு அக்கா. கறுப்பு. இந்தா, இத்தன அகலம்."

"அதுல என்ன தங்கமா தச்சு வெச்சிருக்கு?"

"இவரு அப்படித்தான் நெனைக்கிறாரு" என்று பாய் என்னைக் காட்டினார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

ஆட்டோ சீட்டின் சிவப்பு, பைக் சீட்டின் பழுப்பு, பசை ஒட்டிய பஞ்சு. எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் கறுப்புத் துண்டு இரண்டாக மடிந்து கிடந்தது. விரித்தேன். மேல் ஓரம், மெஷின் தையல் துளை சீராகப் போகிறது. இடது ஓரமும் அப்படியே. வலது ஓரத்திலும் எதுவும் இல்லை. கீழ் ஓரம் உள்பக்கமாக மடிந்து பசையில் ஒட்டியிருந்தது. பாய் கத்தியின் நுனியால் மெல்ல நெம்பினார்.

அங்கே மூன்று விரல் அகலத்துக்கு வேறு நூல். வெள்ளைப் பருத்தி நூல், வெளியே தெரியாமலிருக்க மை பூசிக் கறுப்பாக்கியது. உள்பக்கம் மை போகாமல் வெள்ளையாகவே இருந்தது. கோணல்மாணலாக ஏழு தையல். முடிவில் அடுத்தடுத்து இரண்டு முடிச்சு.

"இது தையக்காரன் கை இல்ல தம்பி" என்றார் பாய். "ஊசி பிடிக்கத் தெரியாத ஆளு. ஆனா விடாம தச்சிருக்காரு."

சனிக்கிழமை காலையில் நான் உத்தர வீதிக்குப் போனபோது சார் திண்டில் சாய்ந்து செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். படிக்கவில்லை. "நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடலை" என்று மாமி ஜாடையாகச் சொன்னார். நான் உள்ளே போகவில்லை. வாசலில் தரையில் முதுகுத் துண்டை விரித்தேன்.

"சார், நான் சொல்றத நம்பவேணாம். நீங்களே பாருங்க."

அவர் எழுந்து வரச் சற்று நேரமாயிற்று. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் துணியைப் பார்த்தார். பின்பக்கம் துணி. ரெக்ஸின். பிறகு அந்த ஏழு தையலைப் பார்த்தார். ரொம்ப நேரம். நிமிராமலேயே மாமியிடம், "அப்பாவோட பிரபந்தம் புஸ்தகத்தை எடுத்துண்டு வா. பழசு" என்றார்.

மாமி எடுத்து வந்தார். அட்டை போய், மறுபடி தைத்துக் கட்டிய புத்தகம். சார் அதை உயர்த்திப் பிடித்து, தரையில் கிடந்த துண்டிலிருந்து ஒரு கை தூரத்திலேயே வைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பிக் காட்டினார். கோணலான பருத்தி நூல். கடைசியில் இரண்டு முடிச்சு.

"ஒரு முடிச்சு போட்டா அவிழ்ந்துடும்னு பயம் அவருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிச்சுப் பார்த்திருக்கார். துணிதான் இருந்திருக்கு. அதுக்கு மேல அவர் என்ன பண்ணுவார்?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் எதையாவது கெடுப்பேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

"அந்தத் தோல் எங்கே?"

"என்கிட்ட இருக்கு சார். வீட்டுல."

"கொள்ளிடத்துல விட்டுடு. பெருமாள் இருந்த இடம். குப்பையில போகப்படாது. நம்மாத்துக்குள்ள வரவும் கூடாது."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "சார், அத நான் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு?"

"ஒரிஜினல் சார்."

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கவா என்று இன்றுவரை தெரியாது. "உன்னைத் திருத்த முடியாது" என்றார் சார். "வெச்சுக்கோ. ஆனா அதுமேல யாரும் உக்காரப்படாது. நீயும்தான்." அது இப்போதும் புத்தூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. மழைக்காலத்தில் நாறுகிறது என்று அம்மா திட்டுகிறாள்.

அன்று முழுக்க ஷெட்டில் தனியாக வேலை செய்தேன். பாய் கொடுத்தனுப்பிய புது உறை பதினொரு வரியோடு கச்சிதமாக இருந்தது. ரப்பர் பட்டை, புது ஃபோம், உறை, நாலு போல்ட். கடைசி போல்ட்டை முறுக்கும்போது ஸ்பேனர் நழுவி முட்டியைப் பெயர்த்தது. சார் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். நாளைக்குக் காரில் பெருமாள் வருகிறாரா, இல்லை வாடகைக்கார் சொல்லியிருக்கிறாரா, ஒன்றும் சொல்லவில்லை. "கார்த்தால அஞ்சு மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

ஐந்துக்கு முன்பே போய்விட்டேன். வீதியில் கோலம் ஈரமாக இருந்தது. சார் பஞ்சகச்சத்தோடு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பின்னால் பைக்கில் ஸ்பேனர்களோடு வருவதாகத்தான் முதலிலிருந்தே பேச்சு. சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

"சார், நீங்க..."

"நான் அங்கே உக்காந்துக்கறேன். பெட்டி என் மடியில. சீட்டுல வெக்கற வழக்கம் அப்பாவோட போகட்டும். இத்தனை நடந்தப்புறம் எனக்குத் தைரியம் இல்லை." பிறகு என் இடுப்பைப் பார்த்தார். "அது என்ன?"

குனிந்து பார்த்தேன். பெல்ட். சுத்தமான தோல், பிறந்தநாளுக்கு அக்கா வாங்கித் தந்தது.

"கழட்டு."

கழற்றினேன். பேன்ட் ஒரு சைஸ் பெரிது. மாமி உள்ளே போய், பாவாடை நாடா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை நான் முதல்முதலாக நெடுஞ்சாலையில் ஓட்டியது வெள்ளை நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டுதான்.

கும்பகோணம் போகும்போது பயம் காரைப் பற்றி. கிளட்ச், சூடு, தஞ்சாவூர் பைபாஸில் ஒரு தடவை எழும்பிய புகை. திரும்பும்போது பயம் வேறு. பட்டு சுற்றிய பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சார் முதுகை சீட்டில் சாய்க்காமலே வந்தார். அறுபது வயதுக்கு மேல், அன்றுதான் முதல்முறையாக அந்த சீட்டில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கியரைக் குறைத்தேன். வல்லம் தாண்டியதும் கேட்டார்.

"இது ரெக்ஸின்தானே?"

"ரெக்ஸின்தான் சார்."

துவாக்குடி வந்தது. திருவெறும்பூரில் ஒரு தனியார் பஸ் சட்டென்று குறுக்கே வெட்டியது. பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு பக்கம் இழுத்து நின்றது. சாரின் தலை பெட்டியின்மேல் கவிழ்ந்திருந்தது, கைகள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. பின்னால் ஹாரன்கள். அவர் மெல்ல நிமிர்ந்து, பட்டைச் சரிசெய்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த சீட்டில் முதுகைச் சாய்த்தார். ஒரு கையை எடுத்து, பக்கத்தில், புதுத் தையலின் மேல் வைத்துப் பார்த்தார்.

"முழுக்க ரெக்ஸின்தானே? முன்னாடி, பின்னாடி, பக்கம், எல்லாம்?"

"எல்லாம் சார்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன், பார்த்தால்தானே நம்புவார் என்று.

"என்னை என்ன பார்க்கறே?" என்றார். "ரோட்டைப் பாரு."